இடது செத்தால் வலது கால்

தட்.

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது கேப்டன் விக்ரம் காபி டம்ளரை உதட்டருகே கொண்டுபோயிருந்தார். கை அப்படியே நின்றது.

“என்ன சத்தம் அது?”

“பூவிழிதாங்க,” என்றாள் செல்வாம்பாள். “காலைப் பழக்கிக்கிட்டு இருக்குது.”

மறுபடியும் தட். மரப்பலகையில் குதிகால் விழுகிற சத்தம். அதற்கு முன்னால் ஒரு பெண்குரல் “வலது” என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொள்வதும் மெல்லக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் வலதுதான். இடது என்று அந்தக் குரல் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது ஏன் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வந்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் காபியைக் குடித்தார்.

“குட். பொண்ணுக்கு ஸ்பிரிட் இருக்கு,” என்றார்.

“எல்லாம் நீங்க ஊட்டினது சார்,” என்றார் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த ஆதிமூலம். அவர் பூவிழியின் பெரியப்பா. கேப்டனை பீச் ரோட்டு ஓட்டலிலிருந்து அழைத்து வந்தவர் அவர்தான். வரும் வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி, தெரிந்தவர்களிடம் “பைலட்டுங்களுக்கே வாத்தியாரு” என்று அறிமுகமும் செய்துவிட்டார்.

செல்வாம்பாள் கேப்டனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்பு நிற ஷூ. முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு. அதோடுதான் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். அரியாங்குப்பத்தில் அந்தத் தெருவில் காலணியோடு வீட்டுக்குள் வருகிறவர் ஒருவர்தான், கேஸ் சிலிண்டர் போடுகிறவர். அவருக்குத் தோளில் சுமை இருக்கிறது. இவருக்கு என்ன இருக்கிறது? அவள் அன்று காலையில் துடைத்த தரையில் வாசலிலிருந்து நாற்காலிவரை செம்மண் தடம்.

அவர் வந்த காரியம் சின்னதுதான். பயிற்சி விமானம் விழுந்ததைப் பற்றி நாளைக்கு விமானத்துறையின் விசாரணை அதிகாரி போனில் பூவிழியிடம் பேசப்போகிறார். ‘இடது என்ஜின் நின்றதும் நான் தவறான காலால் மிதித்துவிட்டேன்’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் கேப்டனின் வேலை பிழைக்கும். பூவிழிக்கு அடுத்த குழுவில் இடம் கிடைக்கும், விட்ட பயிற்சியை முடித்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் இந்தியாவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவளைச் சேர்க்காதபடி அவர் பார்த்துக்கொள்வார். இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொன்னார். சிலருக்கு அந்தக் கலை கைவந்திருக்கிறது.

பூவிழியை ஊரில் யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. அப்பா கோவிந்தராசு மில்லில் இருந்தார். மில்லை மூடிய பிறகு டவுனுக்கும் அரியாங்குப்பத்துக்கும் டெம்போ ஓட்டுகிறார். அம்மா செல்வாம்பாள் டவுனில் ஒரு பேக்கரியில் ரஸ்க்கும் பிஸ்கட்டும் பாக்கெட் போடுகிறாள். ஒரே பெண். கறுப்பு, ஒல்லி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற சுபாவம். அவள் விமானம் ஓட்டுவாள் என்று யாருக்கும் கனவில்கூடத் தோன்றியிருக்காது. அவளுக்கே தோன்றியதில்லை.

கனவு கண்டது ஆதிமூலம்தான், தன் மகன் ராஜாவுக்காக. ராஜாவைத்தான் முதலில் விமானம் ஓட்ட அனுப்பினார்கள். வழியனுப்பத் தெரு முழுவதும் பிரியாணி. போன வேகத்தில் ராஜா திரும்பி வந்துவிட்டான். அங்கே சாப்பாடு சரியில்லை என்றான். தண்ணீர் சேரவில்லை என்றான். மேலே போனதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான் என்பது பின்னால் தெரிந்தது. இப்போது அவன் மொபைல் கடை வைத்திருக்கிறான். வாடிக்கையாளரிடம் “நான் பைலட் டிரெய்னிங் போனவன்” என்று இன்றைக்கும் சொல்கிறான்.

அவன் தூக்கிப்போட்ட புத்தகங்கள் பூவிழி கைக்கு வந்தன. கல்லூரியில் முதல் வருஷம் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். பிறகு ஒரு நாள் ராஜாவிடம் போய் ஒரு சந்தேகம் கேட்டாள். அவன் முழித்தான். அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது: இவன் போகலாம் என்றால் நான் ஏன் போகக்கூடாது?

எப்படிப் போனாள், எத்தனை வாசலில் கோவிந்தராசு நின்றார் என்பதெல்லாம் தனிக் கதை. போனாள். ஒற்றை என்ஜின் விமானத்தைத் தனியாக ஓட்டி இறக்கினாள். அந்தச் செய்தி வந்த மறுநாளே ஆதிமூலம் பாலத்தருகே பிளக்ஸ் வைத்துவிட்டார். ‘அரியாங்குப்பம் ஈன்றெடுத்த ஆகாய அரசியே!’ பிளக்ஸில் பூவிழியின் படம் உள்ளங்கை அளவு. ஆதிமூலத்தின் படம் ஆள் உயரம்.

“உன் பெரியப்பாதான் பைலட்டோன்னு சந்தேகமாயிருக்குது,” என்றாள் செல்வாம்பாள் போனில். மகள் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு அவள் காதில் இன்னும் இருக்கிறது.

மிச்சம் இருந்தது இரட்டை என்ஜின் தேர்ச்சி மட்டும். அது இல்லாமல் வேலை இல்லை. விடுமுறைக்கு வந்திருந்தபோது அதைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். இரவுச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.

“யப்பா, ஆத்துல தோணி போவுது. ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு துடுப்பு போடறாங்க. இடது பக்கத்து ஆளு நிறுத்திட்டா என்னா ஆவும்?”

“தோணி இடது பக்கம் திரும்பும்.”

“அதேதான். இடது என்ஜின் செத்தா விமானம் இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போவும். நான் வலது காலால பெடலை மிதிச்சுப் புடிக்கணும். செத்த பக்கத்துக் கால் சும்மா கிடக்கணும். செத்த என்ஜின், செத்த கால். இதுதான் பாடம்.”

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான் இல்லப்பா. வேகம் ஒரு அளவுக்குக் கீழ போயிடுச்சுன்னா, பெடலை அடிவரைக்கும் மிதிச்சாலும் பத்தாது. உயிரோட இருக்கிற என்ஜினே விமானத்தைக் கவுத்துடும்.”

கோவிந்தராசு சோற்றில் கையை நிறுத்தினார். “அப்ப?”

“நல்லா ஓடற என்ஜினையும் கொறைக்கணும். மூக்கைக் கீழ தள்ளி வேகத்தைப் புடிக்கணும். அதுக்குக் கீழ இடம் வேணும். அதனாலதான் இதையெல்லாம் நல்லா மேல போயித்தான் பழக்குவாங்க. அதுவும் என்ஜினை நெசமா அணைக்க மாட்டாங்க. லீவரைக் கொறைச்சு, செத்த மாதிரி வெச்சுக்குவாங்க. ஏதாவது ஆச்சுன்னா உடனே தள்ளிக்கலாம்.”

செத்த மாதிரி வைத்துக்கொள்வது. அந்தச் சொற்கள் கோவிந்தராசுவுக்குப் பிடித்திருந்தன. மறுநாள் டெம்போவிலிருந்து கழற்றிப்போட்ட பழைய ஸ்பிரிங் இரண்டை எடுத்து, இரண்டு பலகைக்கு அடியில் வைத்து, ஒரு சட்டத்தில் ஆணியடித்துக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து மிதிக்கலாம். அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு விளையாட்டு பிறந்தது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் “இடது!” என்று கத்தலாம். பூவிழியின் வலது கால் தரையில் அறைய வேண்டும். “வலது!” என்றால் இடது கால். அவள் தலை பின்னும்போது அம்மா கத்தினாள். வாசலில் டெம்போவை நிறுத்தும்போதே அப்பா கத்தினார். ஒரு தடவை கோயிலில் தீபாராதனை நேரத்தில் கோவிந்தராசு காதருகே “இடது” என்று முணுமுணுக்க, அவள் கால் பக்கத்தில் நின்ற அம்மாளின் காலை மிதித்துவிட, கோயில் என்றும் பாராமல் அந்த அம்மாள் வைத வசவு இருக்கிறதே! வீடு வரும்வரை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அந்தச் சிரிப்பின்மேல் யார் கண் பட்டதோ.

வடக்கே, சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்தது அந்தப் பயிற்சிப் பள்ளி. அங்கே இரட்டை என்ஜினுக்கு வாத்தியார் கேப்டன் விக்ரம். மேலே போய், லீவரைக் குறைத்து, பத்திரமாகப் பழக்குவது அவருக்குக் கேவலம். அதைக் ‘குழந்தை விளையாட்டு’ என்பார். அவருடைய வழக்கம் வேறு. சக்கரம் தரையை விட்டு எழும்பி, விமானம் இரண்டு பனை உயரம்கூடப் போயிருக்காது, அப்போது சொல்லாமல் கொள்ளாமல் எரிபொருளை நிஜமாகவே மூடிவிடுவார். ஒரு என்ஜின் நிஜமாகவே சாகும். பக்கத்து இருக்கையில் இருக்கிற பிள்ளையின் முகம் வெளுப்பதை ஓரக்கண்ணால் பார்ப்பார். பிறகு தானே எல்லாவற்றையும் சரிசெய்து இறக்கி, கேன்டீனில் உட்கார்ந்து, யார் எப்படி அலறினார்கள் என்று நடித்துக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களுக்கு அடுத்த தடவை இன்னும் கீழே.

பல வருஷம் இப்படி நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டார். இப்படிப்பட்டவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் உயிரை வைத்துத் தன் தைரியத்தைக் காட்டுகிறவர்கள். தைரியமாம்! ராஜா கண்ணை மூடிக்கொண்டான் என்று சிரித்தோமே, அவன் எவ்வளவோ மேல். அவன் தன் பயத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான். அடுத்தவர் தலையில் அதை இறக்கவில்லை.

பூவிழியின் முறை வந்த நாளில் அவர் இடது என்ஜினை மூடினார். அடுத்து அவளுக்கு நினைவிருப்பது சோளத்தட்டை வாசனை, கண்ணாடி இல்லாத ஜன்னல், தன் வலது பாதம் இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. நடுவில் இருந்த அந்த ஒரு கணம் அவளிடம் இல்லை. வெள்ளைத் தாள் மாதிரி வெறுமையாக இருந்தது.

அந்த வெறுமையில் கேப்டன் விக்ரம் எழுதினார். நெற்றியில் ஒரு சின்ன பிளாஸ்திரியோடு அவள் படுக்கைக்கு அருகில் வந்து நின்று, தலையைத் தடவி, “இடதை மிதிச்சுட்டம்மா நீ. பரவால்ல. நான் உன்மேல கோபப்படல. எல்லாருக்கும் வர்ற தப்புதான்” என்றார். கொல்லப் பார்த்தவர் மன்னித்தார். வலது பாதம் எப்படி உடைந்தது என்றதற்கு, இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்றார். அவள் நம்பினாள். கேப்டன் சொல்கிறாரே! நினைவில்லாத ஒரு பெண்ணுக்கு வேறு என்ன வழி?

ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது முறை அறுத்து ஸ்க்ரூ வைத்தார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த எலும்பு டாக்டர், “விழும்போது எதையாவது பலமா மிதிச்சுக்கிட்டு இருந்தியாம்மா?” என்று கேட்டார். “தெரியலைங்க டாக்டர்” என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். தாய்க்குத் தெரியாதா, மகள் எதற்கு அழுகிறாள் என்று? கால் உடைந்ததற்கு அவள் அழவில்லை. ஆயிரம் தடவை வீட்டில் சரியாக மிதித்த கால், வேண்டிய ஒரு தடவை துரோகம் செய்துவிட்டதே என்றுதான்.

போன வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அன்றிலிருந்து இடது காலால் மட்டும் பழகுகிறாள். வலது பலகைப் பக்கம் போகவே பயம். வலி ஒரு காரணம். அந்தக் காலை நம்பமுடியவில்லை என்பதுதான் நிஜமான காரணம்.

“ஆனா சார்,” ஆதிமூலம் பேச்சை வளர்த்தார், “உங்ககிட்ட படிச்சவன் எவனும் எதுக்கும் பயப்பட மாட்டான்னு கேள்விப்பட்டேன்.”

கேப்டன் சாய்ந்து உட்கார்ந்தார். புகழுக்கு முன்னால் அவர் முதுகெலும்பு எப்போதும் தளர்ந்துவிடும். “பயத்தை எடுக்கணும் சார். அதுதான் டிரெய்னிங். இப்ப எல்லா இடத்துலயும் ரொம்ப சாஃப்ட். மேல போய் லீவரைக் குறைக்கிறது, ‘இதோ அணைக்கிறேன்’னு சொல்லிட்டுச் செய்யறது. நிஜத்துல என்ஜின் சொல்லிட்டா சாகும்?”

“அதானே!” என்றார் ஆதிமூலம்.

“நான் ஒண்ணு செய்வேன். வேற எவனுக்கும் அந்த தில் கிடையாது.” கேப்டன் தன் பழுப்பு ஷூவைத் தரையில் மெல்லத் தட்டினார். “பெடல் ரெண்டு பேருக்கும் சேர்ந்துதான் நகரும். அவங்க ஒரு பக்கம் மிதிச்சா, என் பக்கத்துலயும் அதே மாதிரி இறங்கும், மத்த பெடல் மேல வரும். என்ஜினை மூடினதும் அவங்க மிதிப்பாங்க இல்லையா, நான் எதிர்ப்பக்கத்துப் பெடல்ல ஷூவை வெச்சு ஒரு செகண்ட் பிடிச்சுக்குவேன். அவங்களுக்குப் பெடல் இறங்காது. சுவத்தை மிதிக்கிற மாதிரி இருக்கும். அப்பப் பாக்கணுமே முகத்தை!” அவர் சிரித்தார். “ஒரே செகண்ட்தான். அப்புறம் விட்டுடுவேன். அதுக்கப்புறம் அவங்க வாழ்க்கையில எதுக்கும் பயப்பட மாட்டாங்க.”

“யப்பா!” என்று ஆதிமூலம் கையைத் தட்டினார்.

வாசல்படி ஓரம் குந்தியிருந்த கோவிந்தராசு தட்டவில்லை. அவர் உள்ளறைப் பக்கம் தலையைத் திருப்பினார். அங்கிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் நின்றுபோயிருந்தது.

“போய்ப் பாத்துடலாமா?” கேப்டன் எழுந்தார்.

அறை சின்னது. கட்டில், மின்விசிறி, மடித்து வைத்த துணிகள், சுவரோரம் வாக்கர். பூவிழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு பலகைகள். இடது கால் ஒன்றின்மேல் இருந்தது. பேண்டேஜ் சுற்றிய வலது கால் மற்றதன்மேல் வெறுமனே கிடந்தது. கேப்டன் கட்டிலில் உட்கார்ந்தார். ஆதிமூலம் பக்கத்தில் நின்றார். கோவிந்தராசுவும் செல்வாம்பாளும் கதவருகே.

“எப்படிம்மா இருக்கே?”

“இருக்கேன் சார்.”

“நாளைக்குப் போன் வரும். நீ ஒண்ணும் பெரிசா சொல்ல வேணாம். கன்ஃப்யூஸ் ஆயிட்டேன், இடது காலால மிதிச்சுட்டேன், கேப்டன் சரிபண்ணப் பாத்தார், உயரம் பத்தல. அவ்வளவுதான். ஸ்டூடன்ட் தப்பு பண்றது சகஜம், யாரும் உன்னைத் தூக்குல போட மாட்டாங்க. அடுத்த பேட்ச்ல நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்.”

“சொல்லிடு கண்ணு,” என்றார் ஆதிமூலம். “பெரிய மனுஷன் வீடு தேடி வந்திருக்காரு. பெரியப்பா மானம் இதுல இருக்குது. பாலத்துகிட்ட வெச்ச பிளக்ஸை நான் இன்னும் எடுக்கல பாரு.”

“மழையில கிழிஞ்சே போச்சே பெரியப்பா,” என்றாள் பூவிழி.

“கிழிஞ்சா என்னா? புதுசு வெப்போம். நீ சொல்லு.”

பூவிழி தன் காலைப் பார்த்தாள். எத்தனை இரவு அந்த ஒரு கணத்தைத் தேடியிருப்பாள்! கிடைக்கவேயில்லை. சொல்லிவிட்டால் பறக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு ஓடுபாதையிலும், இந்தக் கால் தன்னைக் காட்டிக்கொடுத்த கால் என்ற நினைப்போடுதான் பறக்க வேண்டும்.

“எனக்கு எதுவும் ஞாபகத்துல இல்ல சார்,” என்றாள். “நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. நான் இடதைத்தான் மிதிச்சேன்னு நீங்க சொன்னா...”

“இடது!”

அறை அதிர்ந்தது. கத்தியது கோவிந்தராசு. ஏன் கத்தினார் என்று அவருக்கே தெரியாது. அந்த வார்த்தை மகள் வாயிலிருந்து வந்ததும் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. அவ்வளவுதான்.

தட்!

வாரக்கணக்கில் ஊமையாகக் கிடந்த வலது பலகை அடிவரைக்கும் இறங்கியது. பூவிழி “அம்மா!” என்று அலறி முன்னால் மடங்கினாள். செல்வாம்பாள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“மென்டலாய்யா நீ?” கேப்டன் துள்ளி எழுந்தார். “ஆபரேஷன் பண்ண கால்ல...”

கோவிந்தராசு இரண்டடி முன்னால் வந்தார். “யம்மா, தெரியாம கத்திட்டேன். யம்மா...”

பூவிழி மூச்சை வாங்கினாள். கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் அவள் முகத்தில் இருந்தது வலி மட்டுமில்லை. தொலைத்த பொருள் கையில் தட்டுப்பட்டவளின் முகம் அது.

“இதே வலிதான்,” என்றாள் மெதுவாக. “இதே இடத்துல. அன்னிக்கும் இங்கதான் முதல்ல வலிச்சுது. பாதத்துக்கு அடியில.”

“என்னம்மா சொல்றே?” கேப்டனின் குரலில் அவசரம் வந்தது.

“மிதிச்சேன் சார். வலதுதான் மிதிச்சேன். இந்தப் பலகை இப்ப இறங்கிச்சு. அன்னிக்கு இறங்கல.” அவள் நிமிர்ந்தாள். “சுவத்தை மிதிக்கிற மாதிரி இருந்துச்சு. எனக்குத் தெம்பு இல்லைன்னு நெனைச்சுக்கிட்டே இன்னும் மிதிச்சேன். மிதிச்சுக்கிட்டே இருக்கும்போதுதான் தரை வந்துச்சு. அதனாலதான் சார் இது உடைஞ்சது. சீட்டுக்கு அடியில எதுவும் மாட்டல.”

மின்விசிறி மட்டும் சுற்றியது.

“இப்ப பெரியப்பாகிட்ட சொன்னீங்களே சார். கதவு தெறந்துதான் இருந்துச்சு, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எல்லாருக்கும் ஒரு செகண்ட் புடிச்சுக்குவேன்னு. என் பெடலையும் புடிச்சீங்களா?”

“அது டிரெய்னிங்மா. நீ அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே...”

“புடிச்சீங்களா, இல்லையா?”

கேப்டன் விக்ரம் ஆதிமூலத்தைப் பார்த்தார். ஆதிமூலம் மின்விசிறியைப் பார்த்தார்.

“ஒரு செகண்ட்,” என்றார் கேப்டன். “ஒரே செகண்ட். நான் விட்டுட்டேன். அதுக்குள்ள வேகம் போச்சு. அது என் தப்பா? உன் ரியாக்‌ஷன்...”

“ரெண்டு பனை உயரம் சார்,” என்றாள் பூவிழி. “ஒரு செகண்டுக்கு அங்க இடம் எங்க இருந்துச்சு?”

இத்தனை நாள் அவள் கேப்டனைப் பார்க்கும்போது தலை தானாகக் குனிந்துகொள்ளும். இப்போது அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நரையை மறைத்த சாயம், சட்டைப் பையில் செருகிய கறுப்புக் கண்ணாடி, கடைசியில் அந்த ஷூ. இந்த ஆளுக்காகவா எத்தனையோ இரவு தன் காலைத் தானே திட்டிக்கொண்டாள்? இவ்வளவு சின்ன ஆளுக்காகவா?

“நாளைக்குச் சொல்வேன் சார்,” என்றாள். “எந்த உயரத்துல மூடினீங்கன்னு சொல்வேன். லீவரைக் கொறைக்கல, எரிபொருளையே மூடினீங்கன்னு சொல்வேன். உங்க ஷூவைப் பத்தியும் சொல்வேன். கோரிமேட்டு டாக்டர் படத்தைப் பாத்துட்டு என்னா கேட்டாருன்னு சொல்வேன். எனக்கு முன்னாடி வந்த பசங்களையும் கூப்பிட்டுக் கேக்கச் சொல்வேன்.”

“யோசிச்சுப் பேசு. உன்னை எவனும் சேத்துக்க மாட்டான்.”

“சேத்துக்காட்டி போறாங்க.”

“வெறும் டெம்போதான் ஓட்டணும், உங்கப்பா மாதிரி.”

கோவிந்தராசு அதுவரை கைகட்டி நின்றிருந்தார். கையைப் பிரித்தார். ஆனால் அவரை முந்திக்கொண்டு செல்வாம்பாள் பேசினாள்.

“அவரு டெம்போவுல தெனம் எத்தினி உசுரு ஏறி எறங்குது. ஒருத்தர் காலையாச்சும் இவரு புடிச்சு வெச்சு வெளையாடியிருப்பாரா? கேளுங்க உங்க மனசை.”

“அண்ணி, பெரிய மனுஷங்ககிட்ட இப்படியா...” ஆதிமூலம் குறுக்கே வந்தார்.

“நீங்க போயி உங்க பிளக்ஸை ஒட்டுங்க மாமா. நான் உங்க அண்ணி இல்ல, தம்பி பொண்டாட்டி. பதட்டத்துல உறவே மறந்துபோச்சு உங்களுக்கு.”

அவ்வளவு கலவரத்திலும் பூவிழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

கேப்டன் விக்ரம் கிளம்பினார். கூடத்தில் மிச்சம் காபி ஆடை கட்டிக் கிடந்தது. அவர் வாசலை நோக்கி நடந்தபோது அந்த ஷூ தரையில் சத்தமிட்டது. வரும்போது அந்தச் சத்தத்தில் ஒரு மிடுக்கு இருந்தது. இப்போது வெறும் தோல் சத்தம்தான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். யாராவது கூப்பிடுவார்கள், சமாதானம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தவரைப் போல இருந்தது. அவருடைய விமானத்தில் எப்போதும் அப்படித்தானே, கடைசி நொடியில் எல்லாம் சரியாகிவிடும்.

யாரும் கூப்பிடவில்லை.

செல்வாம்பாள் ஈரத்துணியைக் கொண்டுவந்து, அவர் நின்றிருக்கும்போதே, நாற்காலியிலிருந்து வாசல்வரை படிந்திருந்த செம்மண் தடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். துணி நெருங்க நெருங்க அவர் பின்வாங்கினார். படி இறங்கினார். ஆதிமூலம் முந்திக்கொண்டு ஓடிக் கார் கதவைத் திறந்துவிட்டார். கேப்டன் அவரை ஏற்றிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார். ஆதிமூலம் கார் போன திசையையே பார்த்துக்கொண்டு தெருவில் நின்றார்.

உள்ளேயிருந்து வாக்கர் சத்தம் வந்தது. பூவிழி ஒவ்வொரு அடியாக, வலது பாதத்தைத் தரையில் மெல்ல வைத்துப் பார்த்துப் பார்த்து, கூடத்துக்கு வந்தாள். கோவிந்தராசு பதறிக்கொண்டு தாங்கப் போனார்.

“ஊனாதம்மா, டாக்டரு வைவாரு.”

“லேசாத்தாம்பா வெக்கிறேன்.” அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். வெகுநாள் பேசாமல் இருந்த தோழியைப் பார்ப்பதுபோல. “இது சரியாத்தான் மிதிச்சிருக்குதுப்பா.”

“நம்ம வூட்டுக் காலு தப்பா மிதிக்குமா?” என்றார் கோவிந்தராசு. “நாளைக்கு அந்த அதிகாரி கேட்டா பயப்படாம சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“அப்புறம் பறக்க விடலைன்னா?”

அவள் வாசலைப் பார்த்தாள். தெருவில் காரின் புழுதி இன்னும் அடங்கவில்லை. வாசல்படியில் கடைசியாக ஒரு ஷூத் தடம் மிச்சமிருந்தது. செல்வாம்பாள் அதையும் அழுத்தித் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“அதை அப்புறம் பாத்துக்கலாம்ப்பா,” என்றாள் பூவிழி. ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.